தண்ணீர் வடியாத வோஷிங் மெஷின்

கேள்வி: முன்பக்கம் திறக்கும் வோஷிங் மெஷினில் துவைத்து முடிந்தும் தண்ணீர் தேங்கி நிற்கிறது. உம்மென்ற சத்தம் மட்டும் வருகிறது. என்ன செய்யலாம்?
– வாசகி, ஹட்டன்

பதில்: சத்தம் வருவதால் பம்புக்குக் கரண்ட் போகிறது, பெரும்பாலும் அடைப்புதான். பிளக்கைக் கழற்றுங்கள். சுடுதண்ணீர் என்றால் ஆறட்டும். கீழ் மூலையிலுள்ள சிறு மூடியைத் திறந்து, தட்டையான பாத்திரம் வைத்து, பில்டரைக் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். பாத்திரம் நிறைந்ததும் இறுக்கி, ஊற்றிவிட்டு மறுபடியும். ஒரேயடியாகக் கழற்றினால் வீடு குளமாகிவிடும்!

உங்கள் பக்கத்துக் குளிருக்கு ஸ்வெட்டர் பஞ்சுதான் அதிகம் சிக்கும். ஊற்றுத் தண்ணீர் என்றால் மணலும் சேரும். பில்டர் குழிக்குள் டோர்ச் அடித்து, உள்ளேயுள்ள பம்பின் சிறு விசிறியைச் சுழற்றிப் பாருங்கள். விட்டுவிட்டுச் சுழல்வது அதன் இயல்பு, பழுதல்ல. அசையவே இல்லையென்றால் முடியோ சில்லறைக் காசோ இருக்கும்.

வடிகால் ஹோஸ் மடங்கக் கூடாது. அதன் உயரம் தரையிலிருந்து 60 முதல் 100 சென்ரிமீற்றர் வரை பொதுவாகச் சரி. இவ்வளவுக்கும் பிறகு வடியாவிட்டால் பம்பை மாற்றுங்கள்.