செவீயாவின் சுவரெழுத்துகள்

அன்புள்ள ஐயா,

போன மாதம் ஸ்பெயினில் செவீயா போயிருந்தோம். பேராலயம், அல்காஸர் அரண்மனை இரண்டையும் ஒரே நாளில் பார்த்தோம். மசூதியை இடித்துக் கட்டிய தேவாலயம். பழைய மினார் மட்டும் மணிக்கூண்டாக நிற்கிறது. மனசுக்கு ஒரு மாதிரி இருந்தது. வழிகாட்டியோ ‘கிறிஸ்தவம், இஸ்லாம், யூதம் மூன்று மதங்களும் கூடி வாழ்ந்த ஊர்’ என்று சொல்லிக்கொண்டே வந்தார். எதை நம்புவது?

எஸ்.

அன்புள்ள எஸ்,

சுற்றுலா வந்தவரை வருத்தத்தோடு அனுப்பி வைப்பது வழிகாட்டியின் தொழிலுக்கு ஆகாது. அவரை விடுங்கள். 1248இல் முஸ்லிம்களிடமிருந்து ஊரைப் பிடித்ததும் கிறிஸ்தவர்கள் மசூதியை இடித்துவிடவில்லை. அதையே தேவாலயமாக்கி நூற்றைம்பது வருடம் அதற்குள்ளேயே வழிபட்டார்கள். புதிதாகக் கட்டுவது என்ற முடிவே 1401இல்தான்.

அல்காஸரில் காஸ்டீல் என்ற கிறிஸ்தவ நாட்டின் அரசர் முதலாம் பெத்ரோவின் அரண்மனை முகப்பை அண்ணாந்து பார்த்தீர்களா? வாசலுக்கு மேலே நீலமும் வெள்ளையுமாக ஓடு பதித்த ஒரு பட்டை. ஏதோ கோலம் என்று நினைத்து முதல் தடவை நானும் நகர்ந்துவிட்டேன். அது அரபி எழுத்து. ‘இறைவனைத் தவிர வெல்பவர் இல்லை’ என்ற, அப்போது முஸ்லிம் அரசாக இருந்த கிரானடாவின் சுல்தான்களுடைய வாசகம் திரும்பத் திரும்ப வருகிறது. சுற்றிலும் காஸ்டீலிய மொழியில், அதாவது ஸ்பானிய மொழியில், பெத்ரோவின் பெயரும் பட்டங்களும். முகப்பு 1364இல் கட்டியது. கிரானடாவின் ஐந்தாம் முகம்மது அவருக்கு நண்பர். அங்கிருந்தும் கைவினைஞர்கள் வந்தார்கள். உடனே நல்லிணக்கம் என்று எழுதிவிடாதீர்கள். அந்த நண்பரின் அரியணையில் உட்கார்ந்திருந்த ஆறாம் முகம்மது, 1362இல் பெத்ரோவை நம்பி இதே ஊருக்கு வந்தார். பெத்ரோ அவரைக் கொன்றார். இரண்டு வருடம் கழித்து இந்த வாசல்.

பேராலயத்தில் கூட்டமெல்லாம் கொலம்பஸின் கல்லறை முன்னால்தான். நான்கு கட்டியக்காரர் சிலைகள் சுமக்கும் பெட்டி. ஒரு படம் எடுத்தால் போதும். நின்று பார்க்கவேண்டியது அரச சிற்றாலயம். ஊரைப் பிடித்த மூன்றாம் ஃபெர்னாண்டோவின் வெள்ளிப் பேழைக்குக் கீழே அவர் புகழை லத்தீன், காஸ்டீலியம், அரபி, ஹீப்ரு என்று நான்கு மொழிகளில் வெட்டியிருக்கிறார்கள். அவர் இறந்த வருடம் அரபியில் ஹிஜ்ரி 650. ஹீப்ருவில் யூதக் கணக்குப்படி 5012. ஜெயித்தவனின் பெருமையை அவரவர் தங்கள் மொழியில், தங்கள் பஞ்சாங்கத்தில் படித்துக்கொள்ளட்டும் என்ற ஏற்பாடு. அந்தக் குடிகளில் யூதர்களை 1391இல் நாலு தெரு தள்ளி ஊர்க்கும்பல் வெட்டிச் சாய்த்தது. அந்தப் பேட்டைதான் இன்றைய சாந்தா குரூஸ். மதியச் சாப்பாடு அங்கேதான் சாப்பிட்டிருப்பீர்கள். கல்லறையில் இருந்த ஹீப்ருவை மட்டும் யாரும் தொடவில்லை.

ஆகவே உங்களுக்கு ‘ஒரு மாதிரி’ இருந்ததில் தப்பில்லை. அதை வைத்துக்கொண்டே அந்த எழுத்துகளையும் படியுங்கள்.

மினாரில் ஏறினீர்களா? படிக்கட்டுக்குப் பதில் முப்பத்தைந்து சாய்தளங்கள். பாங்கு சொல்பவர் குதிரையிலேயே மேலே போவதற்காக அப்படிக் கட்டினார்கள் என்பார்கள். உண்மையோ பொய்யோ, என் மூட்டு அவர்களை வாழ்த்தியது. கீழே ஆரஞ்சு மர முற்றம் பழைய மசூதியுடையதுதான். பழத்தைத் தின்று பார்க்கவில்லையே? நான் பார்த்தேன். வாயில் வைக்க முடியாத கசப்பு.