ரவுடி அல்ல, குடும்பஸ்தன்

கேள்வி: இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமுள்ள தொட்டியில் ஆறு ஏஞ்சல் மீன் வளர்க்கிறோம். வாங்கும்போது ஐந்து ரூபாய்க் காசு அளவுதான் இருந்தன. ஒரு வருஷம் ஒற்றுமையாக இருந்தவை இப்போது அடித்துக்கொள்கின்றன. பெரியது ஒன்று மற்றவற்றைத் துரத்தித் துரத்திக் கடிக்கிறது. என் மகன் அதற்கு 'ரவுடி' என்றே பெயர் வைத்துவிட்டான். துரத்தாத நேரத்தில் அதுவும் இன்னொன்றும் ஃபில்டர் குழாயைக் கொத்திக்கொண்டிருக்கும். கடைக்காரர் நீல மருந்து கொடுத்திருக்கிறார். ரவுடியைக் கண்மாயில் விட்டுவிடலாம் என்கிறார் என் கணவர். என்ன செய்யட்டும்?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: கடிதம் முழுக்க ரவுடியைத் திட்டிவிட்டு, ஃபில்டர் குழாயை ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டீர்களே அம்மா! விஷயமே அந்தக் குழாயில்தான் இருக்கிறது.

பொழுது போகாமல் கொத்தவில்லை அவை. ஏஞ்சல் ஜோடி சேர்ந்ததும், செங்குத்தாக நிற்கிற வழவழப்பான இடமாகப் பார்த்து வாயால் பாசியைச் சுரண்டித் துடைக்கும். அமேசான் ஆற்றில் அதற்கு அகன்ற இலையும் நீரில் மூழ்கிய மரமும் உண்டு. உங்கள் வீட்டில் குழாய்தான் கிடைத்தது. முட்டை அங்கேதான் விழும். அந்தப் பக்கம் யாரையும் அண்ட விடாது. ஆக, நீங்கள் கண்மாய்க்கு அனுப்பப் பார்ப்பது ஒரு தகப்பனை. தாயாகவும் இருக்கலாம், முட்டையிடும் சமயத்தில் அடிவயிற்றில் நீளும் சிறு குழலைப் பார்த்தால்தான் தெரியும். ஆணுக்கு அது மெலிந்து கூராக இருக்கும், பெண்ணுக்குத் தடித்து முனை மழுங்கியிருக்கும். தன் முட்டைக்காக முன்னால் நிற்கிற உயிரை ரவுடி என்பது எனக்கு ஒப்பவில்லை. பையனிடம் சொல்லிப் பெயரை மாற்றச் சொல்லுங்கள்.

இனி உங்கள் பங்கு. உங்கள் தொட்டி இரண்டு கன அடி, அதாவது 57 லிட்டர். மணலும் மேல் இடைவெளியும் போக 45 தேறினால் அதிகம். உயரத்தையும் பாருங்கள்: 12 அங்குலத்தில் மணலுக்கு இரண்டு, மேலே இரண்டு கழித்தால் மிச்சம் எட்டு. வளர்ந்த ஏஞ்சலுக்கு மேல் துடுப்பு நுனியிலிருந்து கீழ்த் துடுப்பு நுனி வரையே எட்டு அங்குலம் வரும். நிமிர்ந்து நிற்கவே இடமில்லாத வீட்டில் ஆறு பேர். இரண்டு பேர் குடித்தனம் தொடங்கினால் மற்ற நாலு பேர் எங்கே போவார்கள்? காசு அளவு மீனை வாங்கும்போதே அது எவ்வளவு வளரும் என்று கேட்டிருக்க வேண்டும். கொண்டு வந்த உயிருக்கு இடம் கொடுப்பது வீட்டுக்காரர் கடமை.

நீல மருந்தைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். ஃபில்டரில் அம்மோனியாவைத் தின்று தண்ணீரைக் காப்பாற்றுகிற பாக்டீரியாவையும் அது அழிக்கும். அப்புறம் ஆறுமே மிஞ்சாது. கிழிந்த துடுப்பு சுத்தமான தண்ணீரில் தானே வளரும். மேல் மூலையில் ஒதுங்கி, தீனிக்கும் வராமல் நிற்கிற மீன் இருக்கிறதா பாருங்கள். முதலில் சாவது அதுதான். இன்றைக்கே தொட்டித் தண்ணீரோடு 20 லிட்டர் பக்கெட்டுக்கு மாற்றி, ஏர் பம்ப் போட்டு, வலையால் மூடுங்கள். தினம் கால் பங்கு தண்ணீர் மாற்ற வேண்டும்.

ரவுடியை மட்டும் அனுப்பினால் ஒன்றும் தீராது. மிச்சமுள்ள ஐந்தில் இன்னொரு ஜோடி சேரும், குழாயைக் கொத்தும். போக வேண்டியது மற்ற நாலும்தான். கடைக்காரர் எடுத்துக்கொள்வார், அல்லது பெரிய தொட்டி வைத்திருப்பவருக்குக் கொடுங்கள். ஜோடிக்கு 2 x 1½ x 1½ அடித் தொட்டி போதும், 127 லிட்டர். ஆறையும் வைத்துக்கொள்ள ஆசையென்றால் 4 x 1½ x 2 அடிக்குக் குறைந்து பேசாதீர்கள். நடுவில் உயரமான செடியும் மரக்கட்டையும் வைத்துப் பார்வையை மறையுங்கள். அப்போதும் பாதித் தொட்டியை ஜோடிதான் ஆளும். அந்த நாலடித் தொட்டி 340 லிட்டர், கண்ணாடியும் சேர்ந்தால் 400 கிலோவுக்குப் பக்கம். டிவி ஸ்டாண்டு தாங்காது, இரும்பு ஸ்டாண்டு செய்து மேலே தெர்மோகோல் விரியுங்கள்.

கண்மாய்ப் பேச்சே வேண்டாம் என்று உங்கள் கணவரிடம் சொல்லுங்கள். தென் அமெரிக்க மீனை நம் ஊர்க் கண்மாயில் கொட்டுவது மீனுக்கும் கேடு, கண்மாய்க்கும் கேடு. வளர்க்க முடியாதவர் கடைக்குப் போய்த் திருப்பிக் கொடுக்க வெட்கப்பட வேண்டியதில்லை.

புதுத் தொட்டிக்கு மாற்றும்போது பழைய ஃபில்டர் ஸ்பாஞ்சை அப்படியே அதில் போடுங்கள். குழாய்த் தண்ணீரில் அலசிவிடாதீர்கள், குளோரின் பாக்டீரியாவைக் கொன்றுவிடும். அழுக்கு அதிகமென்றால் தொட்டித் தண்ணீரிலேயே இரண்டு தடவை பிழிந்தால் போதும். முட்டை வந்தால் 28 டிகிரியில் இரண்டரை நாளில் பொரியும். குஞ்சு நீந்தத் தொடங்க இன்னும் ஐந்து நாள் ஆகும். முதல் தடவை இட்ட முட்டைகளைப் பெற்றோரே தின்றுவிடுவது சகஜம், பையன் அழுதால் சொல்லி வையுங்கள். நீந்தும் குஞ்சுக்கு, முட்டையிலிருந்து அப்போதுதான் வெளிவந்த ஆர்ட்டீமியா என்ற பொடி இறால் வகைதான் தீனி, பொடித் தீனியில் பிழைப்பது கஷ்டம். முட்டையைத் துடுப்பால் விசிறிக்கொண்டிருக்கும்போது தொட்டிக்குள் கையை விடாதீர்கள், கடிக்கும்.