உக்ரைனில் ரஷ்யாதானே ஜெயிக்கிறது? கருங்கடலுக்குள் போய் வந்தவனின் பதில்

கேட்கப்பட்ட கேள்வி இது: “வரைபடத்தைப் பார்த்தால் ரஷ்யா முன்னேறிக்கொண்டேதான் இருக்கிறது. பிறகு ஏன் ரஷ்யாவின் திட்டம் தோற்றது என்கிறார்கள்? எங்கேயோ நடக்கும் சண்டை, இதில் நமக்கென்ன?”

யூடியூபில் தினமும் காட்டும் வரைபடத்தை வைத்துத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். சிவப்பு நிறம் கொஞ்சம் கொஞ்சமாக மேற்கே நகர்கிறது. அது பொய்யில்லை. ஆனால் அந்த வரைபடத்தில் நிலம் மட்டும்தான் நிறம் மாறும். கீழே இருக்கும் கருங்கடலை முதல் நாளிலிருந்து ஒரே நீலத்தில்தான் போட்டு வைத்திருக்கிறார்கள். இந்தப் போரில் ரஷ்யா வாங்கிய பெரிய அடி அந்த நீலத்தில்தான் விழுந்தது. நமக்கு வந்த பாதிப்பில் பாதியும் அந்த வழியாகத்தான் வந்தது.

நான் மரைன் இன்ஜினியர், சொந்த ஊர் தூத்துக்குடி. 2022 அக்டோபரில், உக்ரைன் தானியக் கப்பல்களுக்கு வழி விடுவதென்று ஐ.நா.வும் துருக்கியும் நடுவில் நின்று ரஷ்யாவோடும் உக்ரைனோடும் போட்ட தானிய ஒப்பந்தம் நடப்பில் இருந்தபோது, மக்காச்சோளம் ஏற்ற உக்ரைனின் சோர்னோமோர்ஸ்க் துறைமுகத்துக்குப் போன ஒரு பல்க் கேரியரில் (சரக்கை மூட்டையில்லாமல் கொட்டி ஏற்றும் கப்பல்) தேர்ட் இன்ஜினியராக இருந்தேன். அதனால் இந்தக் கேள்வியைக் கண்டும் காணாமல் போக முடியவில்லை.

கமெண்டில் வரப்போகிறவர்களுக்கு முன்கூட்டியே ஒன்று. நான் நேட்டோவின் ஆள் இல்லை. 2003ல் அமெரிக்கா ஈராக்குக்குள் நுழைந்ததும் அநியாயம்தான், அதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். 1971ல் சோவியத் நமக்குத் துணை நின்றது தெரியும். கூடங்குளம் எங்கள் பக்கம்தான், ரஷ்யர்களோடு அங்கே வேலை பார்த்த சொந்தக்காரர்கள் எனக்கு உண்டு. ரஷ்ய மக்கள்மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. ஆனால் நான் கண்ணால் பார்த்ததை, நட்பு நாடு என்பதற்காக மாற்றிச் சொல்ல முடியாது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யா நான்கு பக்கமும் ஒரே நேரத்தில் நுழைந்தது. பெலாரஸ் வழியாகக் கீவ் நோக்கி, வடகிழக்கில் கார்கிவ் நோக்கி, கிழக்கில் டொன்பாஸ், தெற்கில் கிரிமியாவிலிருந்து மேலே. கீவ் பக்கம் ஹொஸ்டொமெல் விமானத் தளத்தில் வான்வழிப் படையை இறக்கிச் சில நாட்களிலேயே தலைநகரைப் பிடிக்கப் பார்த்தார்கள். அது நடக்கவில்லை, ஏப்ரல் தொடக்கத்தில் வடக்கிலிருந்து பின்வாங்கினார்கள். இது எல்லோருக்கும் தெரிந்த கதை.

தெற்கே போட்ட திட்டத்தைப் பற்றி நம் சேனல்களில் யாரும் பேசுவதில்லை. மரியுபோல், கெர்சோன், மிக்கோலயிவ், ஒடெசா என்று கரையோரமாகவே போய் முழுக் கடற்கரையையும் எடுத்துவிட்டால், உக்ரைன் கடலே இல்லாத நாடாகிவிடும். உலகச் சந்தைக்குப் போகும் அதன் தானியமும் சூரியகாந்தி எண்ணெயும் பெரும்பாலும் கடல் வழியாகத்தான் போகின்றன. கடல் போனால், ஒரு குண்டு போடாமலே அந்த நாட்டைப் பட்டினி போடலாம். ஒடெசாவுக்கு எதிரே தரையிறங்கும் கப்பல்கள் வந்து நின்றன. கரைக்கு அப்பால் கருங்கடலில் இருக்கும் பாம்புத் தீவை முதல் நாளே பிடித்தார்கள். அப்போது உக்ரைனிடம் சொல்லிக்கொள்ளும்படி கடற்படையே இல்லை. இருந்த ஒரே பெரிய போர்க்கப்பலையும் எதிரி கையில் சிக்கக் கூடாதென்று மிக்கோலயிவில் அவர்களே மூழ்கடித்துவிட்டார்கள்.

அப்படிப்பட்ட நாடு ஏப்ரல் 14ல் ரஷ்யக் கருங்கடல் படையின் தலைமைக் கப்பலான மாஸ்க்வாவை மூழ்கடித்தது. கரையிலிருந்து ஏவிய நெப்டியூன் ஏவுகணைகள் இரண்டு. ஜூன் 30ல் ரஷ்யா பாம்புத் தீவை விட்டு வெளியேறியது. அப்புறம் வந்தவைதான் கடல் ட்ரோன்கள்: ஆளில்லாமல், நீர்மட்டத்தோடு ஒட்டிப் பாய்ந்து வரும் வெடிமருந்துப் படகுகள். 2024 தொடக்கத்துக்குள் இவானோவெட்ஸ், சீசர் குனிகோவ், செர்கேய் கோட்டோவ் என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கப்பல்கள் போயின. மிச்சமிருந்ததில் பெரும்பகுதியை கிரிமியாவின் செவஸ்டோபோல் தளத்திலிருந்து கிழக்கே ரஷ்யத் துறைமுகமான நோவோரோசிஸ்க்குக்கு நகர்த்த வேண்டியதாயிற்று.

போன கப்பலுக்குப் பதில் வேறு கப்பலைக் கொண்டுவர வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். முடியாது. கருங்கடலுக்குள் போக பாஸ்பரஸ் நீரிணை ஒன்றுதான் கடல் வழி. 1936ன் மோந்த்ரோ உடன்படிக்கைப்படி போர்க்காலத்தில் சண்டையிடும் நாடுகளின் போர்க்கப்பல்களுக்கு அந்த வாசலை மூடும் உரிமை துருக்கியிடம் இருக்கிறது. படையெடுப்பு தொடங்கிய சில நாட்களிலேயே மூடிவிட்டார்கள். பால்டிக்கிலும் பசிபிக்கிலும் எத்தனை பெரிய போர்க்கப்பல் இருந்தாலும் ரஷ்யாவால் உள்ளே கொண்டுவர முடியாது. என்னைப் பொறுத்தவரை இந்தப் போரில் எந்த டாங்கியும் செய்யாத வேலையை அந்தப் பழைய காகிதம் செய்தது.

நாங்கள் போன சமயத்தில் நிலைமை இவ்வளவு தெளிவாக இல்லை. 2022 ஜூலை 22ல் இஸ்தான்புல்லில் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஒடெசா, சோர்னோமோர்ஸ்க், பிவ்டென்னி என மூன்று துறைமுகங்களுக்கு மட்டும் வழி. போகும்போதும் வரும்போதும் இஸ்தான்புல் அருகே நங்கூரம் போட்டுச் சோதனைக்குக் காத்திருக்க வேண்டும். எங்களைச் சுற்றி நூற்றுக்கும் மேற்பட்ட கப்பல்கள் நின்றன. ராத்திரியில் டெக்கில் நின்று பார்த்தால் மர்மரா கடலே ஒரு டவுன் மாதிரி விளக்காக இருக்கும்.

அங்கே நிற்கும்போதே எங்கள் சீஃப் இன்ஜினியர் சைன் ஆஃப் ஆகி, அதாவது வேலையை முடித்துக்கொண்டு, இறங்கிவிட்டார். அவர் உக்ரைன்காரர், மிக்கோலயிவ் ஊர். 18 முதல் 60 வயது வரையான ஆண்கள் நாட்டைவிட்டு வெளியேறத் தடை இருந்ததால், உள்ளே போனால் திரும்ப வர முடியுமா என்பது அவருக்கு நிச்சயமில்லை. எலக்ட்ரீஷியன் ரஷ்யர். அவரும் உள்ளே வர முடியாது. மாதக்கணக்கில் ஒரே மெஸ்ஸில் சாப்பிட்ட இரண்டு பேரும் ஒரே படகில் இறங்கினார்கள். இறங்குவதற்கு முந்தின நாள், எரிபொருளைச் சுத்திகரிக்கும் பியூரிஃபையர் ரூமில் வைத்து சீஃப் என்னிடம் சொன்னது இதுதான்: “என் அம்மா வீட்டுக் குழாயில் இப்போது உப்புத் தண்ணீர் வருகிறது. நல்ல தண்ணீர் பைப் லைன் ஏப்ரலிலேயே போய்விட்டது. இந்தத் தண்ணீர் ஓடினால் ஊரில் ஒரு பைப் மிஞ்சாது.” அழவில்லை, கத்தவில்லை. எந்த பைப் முதலில் துருப்பிடிக்கும் என்பதைத்தான் விளக்கிக்கொண்டிருந்தார். ஒரு நகரத்தின் அழிவை அந்த அளவுக்குப் பக்கத்தில் வைத்து எனக்கு வேறு யாரும் காட்டியதில்லை.

சோதனைக் குழுவில் ரஷ்யா, உக்ரைன், துருக்கி, ஐ.நா. என நான்கு தரப்பும் இருப்பார்கள். இன்ஜின் ரூமுக்கு அழைத்துப் போவது என் பொறுப்பு. பாய்லருக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தார்கள், மேன்ஹோல்களைத் திறக்கச் சொன்னார்கள். ரஷ்யரும் உக்ரைனியரும் குறுகலான அந்த ஏணிகளில் முன்னும் பின்னுமாக இறங்கினார்கள். இருவருக்கும் ஒரே மொழி தெரியும். ஆனால் கேட்க வேண்டியதை எல்லாம் ஐ.நா. ஆளிடம் ஆங்கிலத்தில்தான் கேட்டார்கள்.

அதற்குப் பிறகு வடக்கே போகும் வழி. தரையிறங்க விடாமல் தடுக்க உக்ரைனே ஒடெசா பக்கம் கண்ணிவெடி போட்டிருந்தது. அறுந்து மிதந்த கண்ணிவெடிகள் துருக்கிக் கரைவரை போயிருந்தன. முன்னால் ஆள் நிறுத்திக் கண்கொட்டாமல் தண்ணீரைப் பார்க்க வைத்தோம். நாங்கள் கீழே இன்ஜின் ரூமில் லைஃப் ஜாக்கெட்டோடு வாட்ச் டியூட்டி பார்த்தோம். ஜிபிஎஸ் சில நேரம் கப்பலை எங்கேயோ காட்டும். சோர்னோமோர்ஸ்க்கில் சைரன் அடித்தால் லோடிங் நிற்கும், அடங்கினால் மறுபடி ஓடும். அக்டோபர் 10லிருந்து ரஷ்யா மின்நிலையங்களைக் குறிவைக்கத் தொடங்கியிருந்தது. கரை முழுக்க இருட்டு, எங்கள் கப்பலில் மட்டும் விளக்கு.

சரக்கு ஏற்றி முடிந்த நேரத்தில், அக்டோபர் 29ல், செவஸ்டோபோல் மீது கடல் ட்ரோன் தாக்குதல் நடந்தது. ரஷ்யா ஒப்பந்தத்திலிருந்து விலகி நிற்பதாக அறிவித்தது. நாங்கள் உள்ளே. அம்மா வாட்ஸ்அப்பில் அழுதாள்: “எய்யா, அங்க குண்டு போடுதானாமே, நீ ஏம்யா அங்க போன?” என்ன பதில் சொல்வது? ரஷ்யா இல்லாமலே கப்பல்களை நகர்த்துவதென்று ஐ.நா., துருக்கி, உக்ரைன் மூன்றும் முடிவெடுத்து, 31ஆம் தேதி 12 கப்பல்கள் உக்ரைன் துறைமுகங்களிலிருந்து வெளியேறின. அதில் நாங்களும் ஒன்று. யாரும் சுடவில்லை. நவம்பர் 2ல் ரஷ்யா ஒப்பந்தத்துக்குத் திரும்பியது. அன்றைக்கே எனக்குப் புரிந்தது, அந்தக் கடலில் ரஷ்யா நினைத்ததெல்லாம் இனி நடக்காது என்று.

2023 ஜூலை 17ல் ஒப்பந்தத்தை ஒரேயடியாக முறித்தார்கள். ஒடெசாவையும் டான்யூப் கரையில் இஸ்மாயிலையும் அடித்தார்கள். உக்ரைன் ஆகஸ்டிலேயே தன் கரையை ஒட்டி, ருமேனியா, பல்கேரியா கடல் எல்லை வழியாகச் சொந்தப் பாதையைத் திறந்தது. அடுத்த ஆண்டு தொடக்கத்தில் ஏற்றுமதி போருக்கு முந்தைய அளவை நெருங்கிவிட்டது. உங்கள் வரைபடத்தில் இது எங்கேயாவது தெரிந்ததா?

நிலத்தில் கதை வேறு, அதை மறைக்கவில்லை. 2023 கோடையில் உக்ரைனின் எதிர்த்தாக்குதல் ஜபோரிஜியா கண்ணிவெடி வயல்களில் நின்றுபோனது. பக்முத், அவ்டீவ்கா எல்லாம் ரஷ்யா கைக்குப் போயின. உக்ரைனின் ஐந்தில் ஒரு பங்கு நிலம் ரஷ்யாவிடம் இருக்கிறது, அதில் கணிசமான பகுதி 2014லேயே எடுத்தது. ஆனால் அதற்குக் கொடுத்த விலையைப் பாருங்கள். பிபிசி ரஷ்யப் பிரிவும் மீடியாசோனா என்ற சுதந்திர ரஷ்யச் செய்தித் தளமும் இரங்கல் குறிப்புகள், கல்லறைகள், குடும்பத்தார் பதிவுகள் என்று தேடிப் பெயர் பெயராக உறுதிசெய்த ரஷ்ய வீரர்களின் எண்ணிக்கையே 2025ல் 1 லட்சத்தைத் தாண்டிவிட்டது. பெயர் கிடைக்காதவர்கள் இதில் சேர்த்தி இல்லை. உக்ரைன் தரப்பில் 46,000க்கும் மேல் வீரர்கள் இறந்ததாக செலென்ஸ்கியே 2025 பிப்ரவரியில் சொன்னார். சொந்த இழப்பை எந்த அரசும் கூட்டிச் சொல்லாது, அதையும் மனதில் வையுங்கள். ஐ.நா. சரிபார்த்த பொதுமக்கள் சாவு 2025 நடுவிலேயே 13,000க்கு மேல்.

கப்பல்காரர்களை யாரும் கணக்கில் சேர்ப்பதே இல்லை. 2022 மார்ச் 2ல் மிக்கோலயிவ் அருகே நின்ற வங்கதேசக் கப்பலான பங்ளார் சம்ரிதி தாக்கப்பட்டு ஒரு இன்ஜினியர் செத்தார். அவரும் தேர்ட் இன்ஜினியர்தான், என் ரேங்க். 2025 நவம்பரில் துருக்கிக் கரைக்கு அப்பால் ரஷ்ய எண்ணெய் ஏற்றப் போன டேங்கர்கள் இரண்டை உக்ரைன் கடல் ட்ரோன்கள் அடித்தன. அதையும் நான் ஆதரிக்கவில்லை. யார் அடித்தாலும் உள்ளே இருப்பவன் சம்பளத்துக்கு வந்தவன்.

நமக்கென்ன என்று கேட்டீர்கள். 2022 மார்ச்சில் வீட்டில் சன்ஃபிளவர் ஆயில் விலை எகிறியது ஞாபகம் இருக்கிறதா? நாம் இறக்குமதி செய்யும் சூரியகாந்தி எண்ணெயில் பெரும்பகுதி அப்போது உக்ரைனிலிருந்துதான் வந்தது. அந்த மாதம் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் விலைக் குறியீடு அதுவரை இல்லாத உச்சத்துக்குப் போனது. எங்கள் மக்காச்சோளம் ஸ்பெயினுக்குத்தான் போனது. “பார், பணக்கார நாட்டுக்குத்தானே போகிறது” என்று ஒருவர் என்னிடமே வாதாடினார். சந்தையில் சரக்கு இருந்தால்தான் ஏழை நாடும் வாங்குகிற விலைக்கு இறங்கும், அதுதான் கணக்கு. தள்ளுபடி விலை ரஷ்ய எண்ணெயால் நம் நாட்டுக்கு லாபம் இருந்தது, மறுக்கவில்லை. அதே எண்ணெயைக் காரணம் காட்டித்தான் 2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம்மீது 25 சதவீதம் கூடுதல் வரி போட்டது. மொத்தம் 50 ஆனது. திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருப்பவரிடம் கேளுங்கள், எங்கேயோ நடக்கும் சண்டையா என்று.

இதைவிட நேரடியாக ஒன்று. உதவியாளர் வேலை என்று ஏஜென்ட் சொன்னதை நம்பிப் போய் ரஷ்யப் படையில் சேர்க்கப்பட்ட நம் பையன்கள் இருக்கிறார்கள். 12 பேர் இறந்துவிட்டதாக 2025 ஜனவரியில் வெளியுறவு அமைச்சகமே சொன்னது. ஏஜென்ட் என்றதும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. வடக்குக் கருங்கடலைக் கப்பல் ஊழியர்களின் தொழிற்சங்கமும் கப்பல் முதலாளிகளும் சேர்ந்து போர்ப் பகுதி என்று அறிவித்திருந்தார்கள். சங்கமும் முதலாளிகளும் போட்ட வேலை ஒப்பந்தத்தில் வரும் கப்பலில் இருந்தால், போக மாட்டேன் என்று சொல்லலாம், கம்பெனி செலவில் ஊருக்கு அனுப்ப வேண்டும். போனால் அடிப்படைச் சம்பளம் இரட்டிப்பு, செத்தால் நஷ்டஈடு இரட்டிப்பு. எங்கள் கப்பல் அதில் வரவில்லை என்பதே இஸ்தான்புல்லில் நிற்கும்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. இறங்கினால் டிக்கெட் உன் செலவு, அடுத்த கான்ட்ராக்ட் சந்தேகம் என்றார், கப்பலுக்கு ஆள் எடுத்து அனுப்பும் மேனிங் ஏஜென்சிக்காரர். போனஸ் உண்டு என்று போனில் சொன்னவர், ஊருக்கு வந்ததும் “ஐ.நா. பாதுகாப்பில்தானே போனீர்கள், அது போர்ப் பகுதி கணக்கில் வராது” என்றார். பாதிதான் கைக்கு வந்தது. பெயர் போட மாட்டேன், கேட்காதீர்கள்.

கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று தோன்றலாம். ஆனால் கருங்கடல் பக்கம் இன்னும் நம் பையன்கள் போகிறார்கள், இதைப் படிப்பவர்களில் ஒருவராவது இருப்பார். கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்தக் கப்பலுக்குச் சங்க ஒப்பந்தம் உண்டா, மறுக்கும் உரிமை எந்தப் பத்தியில் இருக்கிறது, போனஸ் எவ்வளவு நாளுக்கு என்று மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள். போனில் சொன்னதை ஏற்றுக்கொள்ளாதீர்கள். உங்கள் கான்ட்ராக்ட்டில் சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.