சுவருக்குப் பின்னாடி வந்த பிறகும் சாவது ஏன்? மல்டிபிளேயர் கேம் பற்றிய கேள்வி பதில்

எட்டு வருஷமா மல்டிபிளேயர் கேம்களுக்கு நெட்வொர்க் கோடு எழுதுறேன். அதுல என்ன வேணா கேளுங்க. ஜாதகமும் லேப்டாப்பும் மட்டும் வேண்டாம்.

சார், பையன் பத்தாவது படிக்கிறான். கேம் திணறுது, 300 எம்பிபிஎஸ் பிளான் போடுங்கன்னு அடம். போடலாமா?

வேண்டாம்மா. குழாயைப் பெருசாக்கினா குடம் சீக்கிரம் நிறையும். அதுக்காக மேட்டூர்ல திறந்த தண்ணி இன்னைக்கே கல்லணைக்கு வந்துடாது. விளையாடும்போது கேமுக்குத் தேவைப்படுற டேட்டா கொஞ்சம்தான். தாமதம்தான் வில்லன். சென்னையிலிருந்து சிங்கப்பூர் நேர்கோட்டுல சுமார் 2,900 கி.மீ. கண்ணாடி இழைக்குள்ள ஒளி போறது நொடிக்கு 2 லட்சம் கி.மீ. கேமை நடத்துற சர்வர் அங்க இருந்தா, போய்த் திரும்பவே 29 மில்லிசெகண்ட் ஆகும். எந்தப் பிளான் போட்டாலும் அதுக்குக் கீழ இறங்காது. வைஃபையை விட்டுட்டு லேன் கேபிள் போட்டுப் பாருங்க. அப்புறம், போன்ல 'மோட் ஏபிகே' (யாரோ மாத்தி வெளியில விடுற கேம் ஆப்) எதுவும் ஏத்தியிருக்கானான்னு ஒரு தடவை பார்த்துடுங்க.

அண்ணா, கோடோல (கேம் செய்யற மென்பொருள், Godot) கேம் பண்றேன். என் லேப்டாப்ல நடக்கிற ஹீரோ பிரெண்டு லேப்டாப்ல பறக்கிறான்.

ஒவ்வொரு ஃபிரேமுக்கும் 'பொசிஷன்.எக்ஸ் += 5' போட்டிருப்பீங்க. உங்க மெஷின்ல 60 ஃபிரேம், அதனால நொடிக்கு 300 பிக்சல். அவர் மெஷின்ல 144, அதனால 720. வேகத்தை நொடிக்கு இவ்வளவுன்னு வச்சுக்கிட்டு டெல்டாவால (போன ஃபிரேமுக்கு அப்புறம் ஆன நேரம்) பெருக்குங்க. ஒரு பொறி இருக்கு: ஹீரோவை நகர்த்துற கோடோவோட 'மூவ் அண்ட் ஸ்லைடு' கட்டளை டெல்டாவை உள்ளேயே பார்த்துக்கும். அங்கேயும் வேகத்தைப் பெருக்கினா ஹீரோ நத்தையாயிடுவான்.

1978-ல வந்த ஸ்பேஸ் இன்வேடர்ஸ்ல இந்த மாதிரி ஒண்ணுதான் அழகா அமைஞ்சது. 55 வேற்றுக்கிரகவாசிகள், ஃபிரேமுக்கு ஒருத்தரைத்தான் நகர்த்தும். சுடச்சுட ஆள் குறையும், மிச்சம் இருக்கிறவங்க வேகம் எடுப்பாங்க. அந்தப் பதற்றம்தான் கேமே.

கோடிங் கத்துக்க எந்த லேப்டாப்?

இருக்கிறது போதும்.

சுவருக்குப் பின்னாடி வந்துட்டேன், அப்புறம்தான் சாகுறேன். சர்வர் ஏமாத்துதா?

வாங்க, இதுக்குத்தான் காத்துக்கிட்டிருந்தேன்.

பிங்னா தகவல் சர்வருக்குப் போய்த் திரும்ப ஆகுற மில்லிசெகண்ட். சுட்டவருக்குப் பிங் 80, உங்களுக்கு 40னு வைங்க. அவர் திரையில ஓடுறது நிகழ்கால நீங்க இல்ல. எதிரி அசைவு வழுவழுன்னு தெரிய கேம் வேணும்னே ஒரு 100 மில்லிசெகண்ட் பின்தங்கிக் காட்டும் (வால்வ்ங்கிற கேம் கம்பெனியோட சோர்ஸ் எஞ்சின்ல வழக்கமான அளவு இது). அது 100, பிங் 80. ஆக, அவர் குண்டு சர்வருக்கு வர்றப்போ அவர் பார்த்த காட்சிக்கு வயசு 180 மில்லிசெகண்ட். சர்வர் எல்லாரும் எங்க இருந்தாங்கன்னு சேமிச்சு வச்சிருக்கும். 180 பின்னால ஓட்டிப் பார்க்கும். அப்போ நீங்க வெட்டவெளியில. பட்டுது. உங்க பக்கம் போக 20, வர 20 சேர்த்தா உங்க திரையில 220 ஆயிடுச்சு. நொடிக்கு 5 மீட்டர் ஓடினா ஒரு மீட்டருக்கு மேல நகர்ந்திருப்பீங்க. அந்த ஒரு மீட்டர்லதான் சுவர் இருக்கு. வால்வின் யான் பெர்னியர் 2001-லேயே இதையெல்லாம் விளக்கி எழுதிட்டார்.

அப்போ மட்டமான நெட் வச்சிருக்கிறவனுக்கு லாபம், நல்ல நெட்டுக்குக் காசு கட்டுற எனக்குத் தண்டனையா?

பின்னால ஓட்டலேன்னா அவர் உங்களைக் குறி பார்த்தா படாது. நீங்க போகப்போற இடத்தைக் கணிச்சுச் சுடணும். சுட்டது பட்டுதுங்கிற நம்பிக்கை போனா கேமே போச்சு.

(வேறொருவர்) எங்க ஊர்ல ஒரே டவர். மழை வந்தா பிங் 150. அது என் குத்தமா?

(முன்னவர்) உங்க குத்தம்னு சொல்லல. என் சாவுக்கு நீங்க காரணமா இருக்க வேண்டாம்ங்கிறேன்.

ரெண்டு பேர் பேச்சுலயும் நியாயம் இருக்கு, ஆனா நான் சுட்டவர் பக்கம். அதுக்கு ஒரு வரம்பு உண்டு: நான் எழுதுற கோடுல 200 மில்லிசெகண்டுக்கு மேல பின்னால ஓட்ட மாட்டேன். அதைத் தாண்டினா சுட்டவர்தான் முன்கூட்டிக் கணிக்கணும். மழைக்காரர் கோவிச்சுக்காதீங்க, உங்க கணக்கு 150-உம் 100-உம் சேர்த்து 250.

(முன்னவர்) 150 வைங்க.

வச்சுப் பார்த்தேன். ராத்திரி பூரா திட்டு வாங்கினேன்.

கேம் கடையில செலவழிக்கிற டைமண்டை அளவில்லாம தர்ற 'அன்லிமிடெட் டைமண்ட்' மோட் வேலை செய்யுமா?

டைமண்ட் கணக்கு சர்வர்ல இருக்கு. உங்க போன்ல தெரியிற எண்ணை எவ்வளவா மாத்தினாலும் கடையில செல்லாது. ஆனா அந்த ஏபிகே உங்க எஸ்எம்எஸ்ஸைப் படிக்க அனுமதி கேட்கும், நீங்களும் 'அலோ' அழுத்துவீங்க. எனக்குத் தெரிஞ்ச ஒரு பையன் அப்பா போன்ல ஏத்தினான். ஓடிபி வந்த சத்தம் கேட்டுது, மெசேஜைக் காணோம். பணம் போனது மறுநாள்தான் தெரிஞ்சது.

கேம் செய்ய யூனிட்டியா, கோடோவா?

2023 செப்டம்பர்ல யூனிட்டி இன்ஸ்டால் கணக்குல கட்டணம்னு அறிவிச்சு, அடுத்த வருஷம் கைவிட்டது. கோடோ எம்ஐடி உரிமம் (யாரும் இலவசமாப் பயன்படுத்தலாம்), அந்தப் பயம் இல்ல. முதல் கேம் 2டின்னா கோடோ.

50,000 ரூபாய்க்குள்ள நல்ல லேப்டாப்?

லேப்டாப் கேட்குற ரெண்டாவது ஆள் நீங்க. மேல பாருங்க.

அண்ணா, அந்த மோட் சேஃப்னு வீடியோவுல சொன்னாங்களே?

இல்ல.