சமூக மூலதனம் என்றால் என்ன? பொது சுகாதாரத்துக்கு அது ஏன் தேவை?

மனிதர்களுக்கிடையே சேர்ந்திருக்கும் நம்பிக்கையும் பழக்கமும்தான் சமூக மூலதனம். கைமாற்றுக் கடன் போல: பத்திரம் கிடையாது, முகத்தை நம்பித்தான் பணம் வரும், ஒருமுறை ஏமாற்றியவருக்கு மறுமுறை வராது.

சுகாதாரத் துறைக்கும் இதே கணக்குதான். தடுப்பூசியோ தனிமைப்படுத்தலோ, மக்கள் ஒத்துழைக்காமல் நடக்காது. வீட்டுக்கு வீடு காவல் போட எந்த அரசாலும் முடியாது.

2014-இல் மேற்கு ஆப்பிரிக்காவின் கினி, லைபீரியா, சியரா லியோன் நாடுகளில் எபோலா என்ற கொடிய வைரஸ் நோய் பரவியபோது, இறந்தவர் உடலைத் தொட்டுக் குளிப்பாட்டி வழியனுப்பும் சடங்கே தொற்றுக்கு வழியானது. கவச உடை அணிந்தவர்கள் வந்து, உடலைப் பையில் போட்டு எடுத்துச் சென்றார்கள். பல குடும்பங்கள் நோயாளிகளையும் மரணங்களையும் மறைத்தன. (அந்த நிலையில் யார்தான் மறைக்கமாட்டார்கள்?) அந்த ஆண்டின் பிற்பகுதியில் உலக சுகாதார நிறுவனம் மத அமைப்புகளையும் கலந்துகொண்டு புதிய நெறிமுறை வகுத்தது: உடலைத் தொடாமல் பிரார்த்தனை, குடும்பத்தாரின் பங்கேற்போடு அடக்கம். பண்பாட்டைத் தடையாக மட்டும் பார்த்திருந்தால் இது தோன்றியிருக்காது.

நெருக்கமான சமூகம் என்றாலே ஆரோக்கியமான சமூகம் என்று பலர் நினைக்கிறார்கள்; அப்படியில்லை, தடுப்பூசி பற்றிய வதந்தியும் அதே நெருக்கத்தின் வழியாகத்தான் வேகமாகப் பரவுகிறது.