மணிக்கூண்டிலிருந்து ஒரு குரல்

கேள்வி: என் மகளுக்கு அடுத்த மாதம் 15 வயது முடிகிறது. பிறந்தநாளுக்குத் துணிமணி வேண்டாமாம். "பெண்கள் மட்டுமே இருக்கும் சூப்பர் ஹீரோ காமிக்ஸ் தொகுப்பு" வேண்டுமாம். கடையில் போய் என்னவென்று கேட்பது?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: 'பேர்ட்ஸ் ஆஃப் ப்ரே' என்று கேளுங்கள். பருந்து, வல்லூறு மாதிரி வேட்டைப் பறவைகள் என்று பொருள். பேட்மேனை வெளியிடும் டிசி நிறுவனத்தின் புத்தகம்தான். 1996-இல் ஒரே ஒரு சிறப்பிதழாக வந்தது. 1999-இல் மாதத் தொடரானது. 2009 வரை 127 இதழ்கள் ஓடியது. அத்தனையும் தேடி அலைய வேண்டாம். கெயில் சிமோன் என்ற எழுத்தாளர் 2003-இல் 56-ஆம் இதழில் பொறுப்பேற்றார். அங்கிருந்து 61 வரை உள்ள இதழ்களைச் சேர்த்து 'ஆஃப் லைக் மைண்ட்ஸ்' என்ற தொகுப்பு வந்தது. பின்னால் வேறு தலைப்பிலும் வந்திருக்கிறது, அதனால் உள்ளே இதழ் எண்ணைப் பார்த்து வாங்குங்கள். முன்கதை தெரியாவிட்டாலும் புரியும்.

மூன்று பெண்கள். பேட்மேனின் ஊரான காதம் நகரத்தின் மணிக்கூண்டுக்குள் கணினித் திரைகளுக்கு நடுவே இருப்பவள் பார்பரா கார்டன். அவளுடைய ரகசியப் பெயர் ஆரக்கிள். தெருவில் இறங்கி அடிப்பவள் டைனா லான்ஸ், அதாவது பிளாக் கேனரி. அவள் காதில் ஒரு சின்னக் கருவி, அதில் எப்போதும் பார்பராவின் குரல். மூன்றாவது, ஹன்ட்ரஸ் என்ற ஹெலினா. குறுக்குவில் ஏந்திய பள்ளிக்கூட டீச்சர். அவளுடைய கோபத்தைக் கண்டு பேட்மேனே அவளை நம்புவதில்லை. இந்தத் தொகுப்பில் சாவன்ட் என்ற மிரட்டல்காரன் டைனாவைக் கடத்தி வைத்துக்கொண்டு, 'பேட்மேன் உண்மையில் யார்? சொன்னால் விடுகிறேன்' என்று பார்பராவிடம் பேரம் பேசுகிறான். தோழியின் உயிர் ஒரு பக்கம், காலமெல்லாம் காத்த ரகசியம் இன்னொரு பக்கம். அந்தத் தவிப்பில்தான் அவள் ஹெலினாவைக் கூப்பிடுகிறாள்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். எட் பெனஸ் வரைந்த படங்களில் பெண்களின் உடம்பைக் காட்டும் விதம் எனக்குப் பிடிக்கவில்லை. சண்டைக்குப் போகிறவள் இடுப்பை அப்படி ஒடித்துக்கொண்டு நிற்கமாட்டாள். ஒளித்து வைக்க வேண்டியதில்லை. நீங்கள் முதலில் படியுங்கள், கொடுத்த பிறகு மகளிடமே அதைப் பற்றிப் பேசுங்கள்.

கேள்வி: பெண்கள் அணியானாலும் தொடங்கி வைத்தவர்கள் ஆண்கள்தானே? பெண் எழுதியதும் கதை மாறிவிட்டதா?
– கல்லூரி மாணவி, கோவை

பதில்: தொடங்கியவர்கள் ஆண்கள்தான் அம்மா. சக் டிக்சன் எழுதினார், முதல் சிறப்பிதழை கேரி ஃபிராங்க் வரைந்தார். டிக்சனைக் குறை சொல்லமாட்டேன். குரல் ஓரிடம், ஆள் ஓரிடம், அந்தக் குரலுக்கு உரியவள் யாரென்று டைனாவுக்கே நெடுநாள் தெரியாது என்ற அமைப்பு அவர் காலத்தில் வந்ததுதான்.

சிமோன் வந்த வழி வேறு. முடிதிருத்தும் கலைஞராக வேலை பார்த்துக்கொண்டிருந்த ஒரு வாசகி அவர். 1994-இல் வந்த கிரீன் லேண்டர்ன் இதழ் ஒன்றில், நாயகனின் காதலியைக் கொன்று ஃபிரிட்ஜுக்குள் திணித்து வைத்திருப்பான் வில்லன். நாயகனுக்குக் கோபம் வர வேண்டும், அதற்காக மட்டும் ஒரு பெண்ணின் சாவு. இப்படிக் கொல்லப்பட்ட, முடமாக்கப்பட்ட, சக்தி பறிக்கப்பட்ட பெண் பாத்திரங்களை சிமோன் 1999-இல் ஒரு பட்டியலாகத் தொகுத்து வெளியிட்டார். 'ஃபிரிட்ஜுக்குள் பெண்கள்' என்பது அந்தப் பட்டியலின் பெயர். அதில் பார்பரா கார்டனும் உண்டு. நான்கு வருஷம் கழித்து அதே பார்பராவை எழுதும் பொறுப்பு அவர் கைக்கு வந்தது.

என்ன மாறியது என்று கேட்டால், இந்தப் பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது மாறியது. சண்டைக்கு நடுவிலும் கிண்டல் செய்கிறார்கள், கோபித்துக்கொள்கிறார்கள், மன்னிப்புக் கேட்கிறார்கள். மூவரில் ஒருத்தியை எடுத்துவிட்டால் மற்ற இருவரும் தடுமாறுவார்கள் என்பது பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது.

கேள்வி: சக்கர நாற்காலியில் இருக்கும் பெண்ணை சூப்பர் ஹீரோ என்பது பரிதாபத்தில் தரும் பட்டம் இல்லையா?
– வாசகர், சேலம்

பதில்: இல்லை. இதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டும்.

பார்பரா 1967-இல் பேட்கேர்ளாக அறிமுகமானவள். போலீஸ் கமிஷனரின் மகள், நூலகர். 1988-இல் வந்த 'தி கில்லிங் ஜோக்' கதையில் கதவைத் திறந்ததும் பேட்மேனின் எதிரியான ஜோக்கர் அவளைச் சுடுகிறான், குண்டு முதுகெலும்பில் பாய்ந்து அவளால் நடக்க முடியாமல் போகிறது. அவள் அப்பாவைப் பைத்தியமாக்க வேண்டும், அதற்காகத்தான். கதை முழுக்க அவள் வலிக்கு வேறு வேலை கிடையாது. அதோடு அவளை மறந்துவிட்டிருப்பார்கள். ஜான் ஆஸ்ட்ராண்டர், கிம் யேல் என்ற எழுத்தாளத் தம்பதிக்குத்தான் மனம் கேட்கவில்லை. 1989-இல் 'சூசைட் ஸ்குவாட்' தொடரில், ஆள் யாரென்று தெரியாத ஒரு கணினிக் குரலாக அவளைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். நூலகர் அல்லவா, எந்தத் தகவல் எங்கே இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். பேட்மேனும் சூப்பர்மேனும்கூட அவளிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும் நிலைக்கு வந்தாள். யாராவது தேடிவந்து தாக்கினால், உட்கார்ந்தபடியே இரண்டு கைத்தடிகளால் திருப்பி அடிக்கவும் செய்வாள்.

எனக்கு இது ஏன் இவ்வளவு முக்கியம் என்றும் சொல்லிவிடுகிறேன். என் அக்காவுக்கு 26 வயதில் பஸ் விபத்து. இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. ஆறு மாதம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். எங்கள் அண்ணன் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருந்தார். போன் எடுக்க ஆள் வராத ஒரு நாள், "நீ கொஞ்சம் பார்த்துக்கோ" என்று கட்டிலுக்குப் பக்கத்தில் போனை வைத்துவிட்டுப் போனார். அக்கா அதைத் திருப்பித் தரவே இல்லை.

இருபத்தைந்து வருஷம். ஜன்னல் ஓரம் அவள் வண்டி (நாற்காலியை அப்படித்தான் சொல்வாள்), மடியில் ஒரு நீள நோட்டு, அதில் லாரி நம்பர், டிரைவர் பெயர், என்ன லோடு, எந்த ஊர். ராத்திரி இரண்டு மணிக்குக் கூப்பிட்டு, "அக்கா, செக்போஸ்ட்ல நிறுத்திட்டாங்க" என்பான் ஒரு பையன். "பதறாதே, பில்லு சீட்டுக்குப் பின்னாடி பையில இருக்கு, எடுத்துக் காட்டு" என்பாள். எத்தனையோ டிரைவர்கள் அவளை நேரில் பார்த்ததே கிடையாது. அந்தக் குரல் போனில் வந்தால் போதும், வண்டியைத் தைரியமாக எடுப்பார்கள்.

மணிக்கூண்டுக்குள் பார்பராவை முதன்முதலில் பார்த்தபோது எனக்கு அந்த ஜன்னல்தான் தெரிந்தது. பரிதாபம் எங்கிருந்து வரும், சொல்லுங்கள்.

கேள்வி: 2020-இல் வந்த 'பேர்ட்ஸ் ஆஃப் ப்ரே' படத்தைப் பார்த்தேன். நீங்கள் சொல்லும் பார்பரா அதில் இல்லையே?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: இல்லைதான். கேத்தி யான் இயக்கிய அந்தப் படம் ஜோக்கரின் முன்னாள் காதலி ஹார்லி க்வின்னை நடுவில் வைத்து எடுக்கப்பட்டது. கேனரியும் ஹன்ட்ரஸும் உண்டு, மணிக்கூண்டு கிடையாது. கலகலப்பான படம். ஆனால் அதைப் பார்த்துவிட்டுப் புத்தகத்தை எடை போடாதீர்கள்.

கேள்வி: நம் தமிழ் காமிக்ஸில் பெண் நாயகிக்கு இடம் இருந்ததா?
– வாசகி, சிவகாசி

பதில்: உங்கள் ஊரில் கேட்டாலே சொல்வார்களே! 1984-இல் லயன் காமிக்ஸ் தன் முதல் இதழை மாடஸ்டி பிளைஸி என்ற ஆங்கிலக் காமிக்ஸ் நாயகியை வைத்துத்தான் தொடங்கியது. மாயாவிகளும் துப்பறிவாளர்களும் கொடிகட்டிப் பறந்த நேரத்தில் அது துணிச்சலான முடிவு. அவள் தனி நாயகி, அணி கிடையாது. ஆனால் அன்று அதைப் படித்த பையன்கள் ஒரு பெண்ணின் சாகசத்துக்காக அடுத்த மாதம்வரை காத்திருந்தார்கள்.

கேள்வி: பின்னால் பார்பரா எழுந்து நடந்துவிட்டாள் என்கிறார்களே, உண்மையா? அது நல்ல செய்திதானே?
– வாசகி, ஈரோடு

பதில்: உண்மைதான். 2011 செப்டம்பரில் டிசி நிறுவனம் தன் தொடர்களை எல்லாம் முதல் இதழிலிருந்து புதிதாகத் தொடங்கியது. அப்போது பார்பரா மறுபடி பேட்கேர்ளாக வந்தாள். எழுதியவரும் கெயில் சிமோன்தான். கதவு திறந்த அந்த நொடியின் பயம் அவளை விட்டுப் போகவில்லை என்பதை அக்கறையோடுதான் எழுதினார். ஆனாலும் நாற்காலியில் இருந்தபடி அவளைப் பார்த்து வளர்ந்த வாசகர்கள் பலருக்கு அது பெரிய இழப்பு. குதிக்கவும் பறக்கவும் நூறு பேர் இருக்கிறார்கள், ஆரக்கிள் ஒருத்திதானே இருந்தாள். நான் அவர்கள் பக்கம்.

அந்தக் கதையை அக்காவிடம் சொன்னேன். நோட்டில் ஏதோ லாரி நம்பரை எழுதிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எழுந்து நடந்துட்டாளா, சரி. அப்போ மணிக்கூண்டுல போன் எடுக்கிறது யாரு?" என்றாள்.