மாமியாருக்கு அல்சைமர். சாப்பிட்டுவிட்டு "சாப்பாடே போடவில்லை" என்று அக்கம்பக்கத்தில் சொல்கிறார். எப்படிச் சமாளிப்பது?

"மூன்று வேளையும் பார்த்துப் பார்த்துப் போடுகிறேன், எதிர்வீட்டு அக்கா என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்" என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. எங்கள் அத்தையை, அதாவது என் கணவரின் அம்மாவை, ஆறு வருடம் வீட்டில் வைத்துப் பார்த்தோம். அந்த ஆறு வருடத்தில் என்னை அதிகம் அழ வைத்தது இதே சாப்பாட்டுப் பேச்சுதான்.

முதலில் நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். ஒரு நோட்டு வாங்கி, ஒவ்வொரு வேளையும் அத்தை என்ன சாப்பிட்டார் என்று எழுதி, கீழே அவரிடமே கையெழுத்து வாங்க ஆரம்பித்தேன். அத்தை ஆரம்பப் பள்ளி டீச்சராக இருந்தவர், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். ஒருநாள் பதினொரு மணிக்கு, "காலையிலேருந்து பச்சத்தண்ணி கூடப் பல்லுல படல" என்று அவர் வாசலில் நின்று சொன்னதும், எனக்கு வந்த கோபத்தில் நோட்டைக் கொண்டுவந்து நீட்டினேன். 8.30, மூன்று இட்லி, தேங்காய்ச் சட்னி, கையெழுத்து. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். "என் எழுத்துதான்... நான் எப்பம்மா எழுதுனேன்?" என்று கேட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தார் பாருங்கள், அவ்வளவு பயம் அந்த முகத்தில். அன்றைக்கே நோட்டைப் பரணில் போட்டுவிட்டேன்.

உங்கள் மாமியார் பொய் சொல்லவில்லை, உங்களைக் கெட்டவளாகக் காட்டவேண்டும் என்று நினைக்கவும் இல்லை. நடப்பதைப் புதிதாக நினைவில் பதியவைக்க மூளையில் ஹிப்போகாம்பஸ் என்று ஒரு சின்னப் பகுதி இருக்கிறது. அல்சைமரில் அமிலாய்டு, டௌ என்ற புரதங்கள் மூளையில் தப்பாகச் சேர்ந்து செல்களைக் கொல்லும்போது ஆரம்பத்திலேயே அடிவாங்குகிற இடங்களில் அதுவும் ஒன்று. அதனால் ஐம்பது வருடத்துக்கு முந்தைய கல்யாணச் சாப்பாடு அவருக்கு அப்படியே நினைவிருக்கும், காலையில் தின்ற இட்லி மட்டும் பதிந்தே இருக்காது. பதியாத ஒன்றை "யோசிச்சுப் பாருங்க அத்தை" என்று கேட்டு எப்படி வரவழைக்க முடியும்?

எங்களுக்குப் பலித்தது இதுதான்: மூன்று இட்லி என்றால் இரண்டை எட்டரைக்குக் கொடுத்துவிட்டு ஒன்றை எடுத்து வைத்துவிடுவேன். அவர் பசிக்கிறது என்றதும் "அச்சோ, இதோ எடுத்துட்டு வரேன்" என்று அந்த ஒன்றைத் தட்டில் வைப்பேன். உங்கள் மாமியாருக்குச் சர்க்கரை இருந்தால் மோர், வெள்ளரிக்காய் என்று ஏதாவது. அப்புறம், தெருவில் எல்லோரிடமும் நோயின் பெயரைச் சொல்லிவிடுங்கள். கௌரவம் பார்த்து நாங்கள் இரண்டு வருடம் மறைத்தோம். சொன்ன பிறகுதான் எதிர்வீட்டுக்காரர்களே, அத்தை தனியாக வெளியே போனால் கையைப் பிடித்துக் கூட்டிவந்து விட ஆரம்பித்தார்கள்.

எந்தப் பரிசோதனை செய்தார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. டிமென்ஷியா என்பது மறதி நோய்களுக்கான பொதுப்பெயர், அதில் நூற்றுக்கு அறுபது எழுபது பேருக்கு அல்சைமர் என்கிறார்கள், மற்றவர்களுக்குச் சின்னச் சின்னப் பக்கவாதம் மாதிரி வேறு காரணங்கள். ஆனால் பி12 குறைவு, தைராய்டு, மனச்சோர்வு, தலையில் அடிபட்டு உள்ளே கட்டிய ரத்தம், இவையும் பார்ப்பதற்கு மறதி நோய் மாதிரியே இருக்கும், இவற்றுக்குச் சிகிச்சை உண்டு. ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் செய்யாமல் பெயர் வைத்திருந்தால் ஒரு நரம்பியல் மருத்துவரிடம் மறுபடி காட்டுங்கள். டோனெபெசில் மாதிரி மாத்திரைகள் சிலருக்குக் கொஞ்ச காலம் கைகொடுக்கும், நோயைத் தீர்க்காது. எண்ணெய், பொடி என்று குணமாக்குவதாக வருகிற விளம்பரங்களுக்குத் தயவுசெய்து காசைக் கொட்டாதீர்கள்.

இன்னொன்று, இது முக்கியம். நேற்றுவரை ஓரளவு இருந்தவர் ஒன்றிரண்டு நாளில் திடீரென்று உளறினால், அடித்தால், அல்லது எழுந்திருக்காமல் தூங்கிக்கொண்டே இருந்தால் நோய் முற்றிவிட்டது என்று உட்கார்ந்துவிடாதீர்கள். அத்தைக்கு ஒருமுறை அப்படி ஆனபோது அது சிறுநீர்த் தொற்று. மருந்து கொடுத்ததும் பழைய நிலைக்கு வந்துவிட்டார்.

சாயங்காலம் ஆனால் படுத்தல் அதிகமாகுமே, உங்கள் வீட்டிலும் இருக்கும். அத்தை ஐந்தரை மணிக்கு இரண்டு புடவையை மஞ்சப்பையில் திணித்துக்கொண்டு, "நேரமாச்சு, வீட்டுக்குப் போகணும், அம்மா தேடுவாங்க" என்று செருப்பைத் தேடுவார். நாற்பது வருடம் அவர் குடியிருந்த வீடே அதுதான். "இதுதானே உங்க வீடு" என்று என் கணவர் வாதாடினால் ரகளைதான். நான் "வாங்க போவோம்" என்று பையை வாங்கிக்கொண்டு பிள்ளையார் கோயில் வரை நடத்திக் கூட்டிப்போய், "உங்க அம்மா என்ன குழம்பு வைப்பாங்க?" என்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே திரும்பக் கூட்டி வருவேன். வாசலுக்கு வந்ததும் "வந்துட்டோம்" என்று நிம்மதியாக உள்ளே போவார். சரி, தினமும் இது நடக்காது, பத்து நாளில் ஏழு நாள் நடந்தது. மூன்று மணிக்கு மேல் காபியை நிறுத்தியதும், இருட்டும் முன்பே எல்லா விளக்கையும் போட்டதும் கூட உதவியது.

பாத்ரூம் உள்தாழ்ப்பாளைக் கழற்றிவிடுங்கள். இரவு சிலிண்டரை மூடுங்கள். உங்கள் போன் நம்பரை ஒரு துணிப்பட்டையில் எழுதி ஜாக்கெட்டின் உள்பக்கம் தைத்துவிடுங்கள்.

உங்கள் கணவருக்கு ஒரு தங்கை இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். போனில் "அம்மாவை நல்லாப் பாத்துக்குங்க அண்ணி" என்று சொல்வதோடு அவர் நின்றுவிட விடாதீர்கள், மாதம் நான்கு நாள் வந்து இருக்கச் சொல்லுங்கள். வெட்கப்படாமல் கேளுங்கள், நான் கேட்காமல் இருந்துதான் எனக்கு ரத்த அழுத்தம் வந்தது. முதியோருக்கான 14567 என்ற கட்டணமில்லா எண்ணிலும் யோசனை கேட்கலாம். சென்னைப் பக்கம் என்றால் ஸ்கார்ஃப் (SCARF) என்ற மனநலத் தொண்டு நிறுவனத்தில் மறதி நோய்க்கென்றே தனிச் சேவை இருக்கிறது.

கடைசியாக ஒன்று. கைப்பழக்கம் சீக்கிரம் போகாது, அது மூளையில் வேறு இடத்தில் இருக்கிறது. என் பெயரை மறந்த பிறகும் அத்தை மடியில் உதிரி மல்லியைக் கொட்டினால் விரல் தானாக நாரை எடுத்து, இரண்டு பூ இந்தப் பக்கம், இரண்டு பூ அந்தப் பக்கம் என்று வைத்துக் கட்டிக்கொண்டே போகும், அந்த முக்கால் மணி நேரம் சாப்பாட்டைப் பற்றியோ வீட்டைப் பற்றியோ ஒரு வார்த்தை வராது. உங்கள் மாமியார் கை எதற்குப் பழகியிருக்கிறது என்று பாருங்கள், கீரை ஆய்வதோ, அரிசி புடைப்பதோ. நாளைக்குக் காலையிலேயே ஒரு முறத்தை முன்னால் வைத்துப் பாருங்கள்.